மழை விட்டாச்சு... ஆறு இன்னும் வரலையே!

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்திருந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் வீடு வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சாயங்காலம் மழை விட்டது. பரணில் ஏற்றி வைத்த சாமான்களை இறக்க ஆரம்பித்தேன். அம்மா தடுத்தார்.

"உங்கப்பா இருந்தா இப்ப இறக்க விடமாட்டாரு. மழைதான் விட்டிருக்கு, ஆறு இன்னும் வரலையே..."

"வானம் வெளுத்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டையையும் மகளின் புத்தகங்களையும் கூடத்தில் இறக்கி வைத்தேன்.

மறுநாள் விடிவதற்குள் தோட்டத்துப் பக்கமாகத் தண்ணீர் வந்துவிட்டது. கூடத்தில் முழங்கால் அளவு. அரிசி மொத்தமும் போச்சு. ஏழாவது படிக்கும் மகள், ஊறிப்போன நோட்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "மழையே பெய்யலையேப்பா, இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் கரையில்தான் இருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஆறு, ஆரியபாளையம் பாலமும் திருக்காஞ்சி படித்துறையும்தான். மாசி மகத்துக்கு முழுகுவோம். வெயில் காலத்தில் மணலில் நடந்தே அக்கரைக்குப் போவோம். அதற்கு மேலே ஆறு எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

பொங்கல் லீவில் அவளை பைக்கில் உட்கார வைத்து, ஆறு வந்த வழியே எதிர்ப்பக்கமாகப் போனேன்.

முதலில் சுத்துக்கேணி. இங்கே பிரிகிற வாய்க்கால்தான் ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. புதுச்சேரி மண்ணில் இந்த ஆறு ஓடுவது 34 கிலோமீட்டர்தான். அதற்கு மேலே எல்லாம் விழுப்புரம் மாவட்டம்.

அடுத்து திருவக்கரை. ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகிப் படுத்துக்கிடக்கின்றன. கிளையும் இல்லை, வேரும் இல்லை. வேறெங்கோ நின்ற மரங்களைப் பெருவெள்ளம் அடித்துவந்து இங்கே புதைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

"அப்பவே வெள்ளமா?" என்று கேட்டு, ஒரு கல்மரத்தைத் தொட்டுப் பார்த்தாள் மகள்.

அதற்கு மேலே வீடூர் அணை. தொண்டியாறு வந்து சேருகிற இடத்தில் கட்டியிருக்கிறார்கள். முழு உயரம் 32 அடிதான். செஞ்சி, மயிலம், திண்டிவனம் பக்கத்துத் தண்ணீர் இங்கேதான் வந்து சேரும். அணை நிரம்பிவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டுத்தான் ஆக வேண்டும். ஃபெஞ்சல் அன்றைக்கு மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் கூடத்துக்கு வந்தது எந்த ஊர்த் தண்ணீர் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

செஞ்சிக்குப் போனால் ஆற்றின் பெயரே மாறிவிடுகிறது. அங்கே அது செஞ்சியாறு. வராக நதி என்றும் பெயர் உண்டு. சுற்றிலும் பாறை மலைகள். மொட்டைப் பாறையில் விழுகிற மழை நிற்காது, சரசரவென்று இறங்கிவிடும். பக்கமலைக் காட்டுப் பக்கம் போனபோது நிலைமை வேறு. புதரும் சருகுமாக இருக்கிற மண், மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. ஜனவரியில் அங்கே ஓடிய ஓடையை மகள் ஒரே எட்டில் தாண்டிவிட்டாள்.

"இதுவாப்பா நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"இது மாதிரி நூறு ஓடை சேர்ந்து வந்துச்சுடா."

திரும்பி வரும்போது கடைசிப் பகுதியையும் சொன்னேன். எங்கள் ஊரைத் தாண்டியதும் ஆறு அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. அரியாங்குப்பத்தாற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம் நாட்டு ஜாடித் துண்டுகளைக் கண்டெடுத்த இடம். கடல் ஏற்றமாக இருக்கும்போது அந்த முகத்துவாரங்களில் வெள்ளம் சீக்கிரம் வடியாது. மேலே இருந்து வேகமாக வருகிற தண்ணீர், கீழே மெதுவாகப் போகிறது. நடுவில் நாங்கள்!

பாகூரில் என் அத்தை வீடும் அதே வாரம்தான் மூழ்கியது. அவர்களுக்கு வந்தது தென்பெண்ணை. அது கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி வருகிற ஆறு. அவர்கள் இன்னும் தூரத்து வானத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா வெயிலிலும் மழையிலும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவருக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஆறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருந்தார். அவர் இருந்தவரை எங்கள் வீட்டு அரிசி ஒருமுறைகூட நனைந்ததில்லை.

இப்போது எங்கள் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில் மகள் வரைந்த படம் தொங்குகிறது. பக்கமலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரு நீலக்கோடு, அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மழைக்காலத்தில் போனை எடுத்தால் செஞ்சி, மயிலம் மழை அளவைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆற்றோரம் இருப்பவர்கள் எல்லோருமே, உங்கள் ஊர் ஆற்றுக்கு மேலே எந்தெந்த ஊர் இருக்கிறது என்று ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் போட்டுப் பாருங்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை, காலையில் விட்டது. நான் பரண் பக்கம் போகவே இல்லை. அம்மா திண்ணையிலிருந்து பேத்தியிடம் குரல் கொடுத்தார்.

"செஞ்சியில விட்டுடுச்சான்னு பாரு கண்ணு!"