மகரக்கட்டுக்குப் பிறகு

ஓபரா மேடையில் கனத்த குரல்காரனுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. அரசன், கிழத் தகப்பன், கோயில் பூசாரி, பிசாசு, சிரிக்க வைக்கும் வேலைக்காரன் என்று ஒரு பட்டாளமே ‘பாஸ்’ குரலுக்கென்று எழுதப்பட்டிருக்கிறது. காதலன் வேஷம் மட்டும் கிடைக்காது. அது உயர்ந்த ஆண்குரலான டெனருக்குப் போய்விடும். மோட்சார்ட் 1782இல் ஓஸ்மின் என்ற முரட்டுக் காவல்காரனையும், 1791இல் சரஸ்ட்ரோ என்ற ஞானியையும் இந்தக் குரலுக்கே எழுதினார். முன்னவன் சவுக்கைத் தூக்கிக்கொண்டு குதிப்பவன், பின்னவர் கையை உயர்த்தி ஆசீர்வதிப்பவர். இரண்டையும் ஒரே தொண்டை பாடும்.

நம் இலங்கையை வைத்தும் ஒரு ஓபரா உண்டு. பிசே எழுதிய ‘முத்துக் குளிப்போர்’, 1863இல் பாரிஸில் அரங்கேறியது. எழுதும்போது அவருக்கு வயது இருபத்து நாலு. இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. அதிலும் பாஸ் குரல் தலைமைப் பூசாரிக்குத்தான், நூராபாத் என்று பெயர். எந்தக் கோயிலில் அப்படியொரு பூசாரி இருந்தார் என்று கேட்கக் கூடாது.

இந்தக் குரலை வைத்து ஒருவர் எத்தனை ஆளாக வாழ முடியும் என்பதற்கு ஷாலியாப்பினைத்தான் சொல்ல வேண்டும். 1873இல் ரஷ்யாவின் கசானில் ஏழைக் குடியில் பிறந்தார். சின்ன வயதில் செருப்புத் தைப்பவரிடம் எடுபிடியாக இருந்தார். திஃப்லிஸ் நகரில் உசாத்தவ் என்ற ஆசிரியர் காசு வாங்காமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பிறகு குற்ற உணர்வில் புழுங்கும் அரசன் போரிஸ் கொதுனோவ், ஃபவுஸ்டை ஏய்க்கும் மெஃபிஸ்டோ, புரளி கிளப்புவதற்கென்றே பிறந்த டொன் பசிலியோ என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மாஸ்னே அவரை மனத்தில் வைத்தே டொன் கிஹோத்தே ஓபராவை எழுதினார். 1910இல் மொண்டே கார்லோவில் அவரே அதைப் பாடினார். பழைய இசைத்தட்டுகளின் கரகரப்புக்குள்ளும் அந்தக் குரல் சிரிக்கும், கெஞ்சும், மிரட்டும். பிசாசுக்கும் அரசனுக்கும் அவர் சுருதியை மாற்றவில்லை, மூச்சை மாற்றினார் என்றே எனக்குத் தோன்றும்.

நம் மேடையின் கதை வேறு. மைக் வராத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் மேலே குரல் எழ வேண்டும். மந்தர ஸ்தாயி அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும், உச்சஸ்தாயிதான் கிழித்துக்கொண்டு போகும். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பில் சேர்ந்து நடித்த நாள்களில் ஜனங்கள் பேசியதெல்லாம் கட்டைக் கணக்குத்தான். யார் ஐந்து கட்டையில் பாடினார், யார் அதற்கும் மேலே போனார் என்பதே பெருமை. அரசனோ சேவகனோ ரிஷியோ, எல்லாரும் ஒரே உயரத்தில் பாடினார்கள். ‘கட்டைக்குரல்’ என்பது வசவாகிவிட்டது. ஒலிபெருக்கி வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு எம். டி. ராமநாதனே சாட்சி. பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பரையில் 1923இல் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தவர். கர்நாடக சங்கீதத்தில் பாஸ் என்று ஒருவரைச் சொல்வதானால் அவரைத்தான் சொல்லலாம். விளம்ப காலத்தில் அவர் ஒரு கிருதியைத் தொடங்கினால், ஆழக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல ஸ்வரம் மெல்ல மெல்ல மேலே வரும். அவசரக்காரர்களுக்கு அது ஆகாது. அரசாங்கம் 1974இல் பத்மஸ்ரீ கொடுத்தது. 1984இல் அவர் கண்ணை மூடும்வரை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி அவருக்குக் கிடைக்கவேயில்லை. சபைகளின் காது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

கண்டியில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிப்பதற்குக் காரணம் பேராதனை. ஹந்தானை மலையடியில், மரங்களுக்கு நடுவே குழிவாக அமைந்த அந்தப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்குக்குச் சிங்களவர்கள் ‘வள’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ என்ற சிங்கள நாடகம் 1961இல் வந்தது. மார்க் அன்ரனி பெர்னாண்டோ அதில் சிங்கமாக வந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் துயரத்தைப் பாடினார். அடுத்த ஆண்டே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைத் தமிழ் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ போட்டார். 1963இல் ‘நொண்டி நாடகம்’. 1964இல் ‘இராவணேசன்’.

இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர் சி. மௌனகுரு. வடமோடிக் கூத்து அது. விடிய விடிய ஊர்க்களரியில் ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாத்திரத்துக்கு மனப்போராட்டத்தைக் கொடுத்திருந்தார் வித்தியானந்தன். அதுவரை கூத்தில் இராவணன் மீசையும் முழக்கமுமாக வந்து போவான். இங்கே அவன் தம்பியை இழக்கிறான், மகனை இழக்கிறான், மண்டோதரியின் சொல்லைக் கேட்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நிற்கிறான். போரிஸ் கொதுனோவுக்கு ஈடாக நம்மிடம் ஒரு வேஷம் உண்டென்றால் அது இதுதான்.

ஓபராக்காரனுக்கு இல்லாத ஒரு தொல்லை கூத்தனுக்கு உண்டு. ஓபராவில் பாஸ் பெரும்பாலும் நின்று பாடுவார். வடமோடியில் கிரீடமும் மார்புப் பதக்கமும் சுமந்து, காலில் சலங்கையோடு, தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டே பாட வேண்டும். இதற்கு நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். களரியின் நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார், பக்கத்தில் சல்லரி. ஆடுபவர் ஓரடி பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொள்வார். சனம் அதை ஆட்டமென்று பார்க்கும். மௌனகுரு பின்னாளில் ‘சங்காரம்’ எழுதினார், ஈழத்துத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்தார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், பல வருஷங்கள் கழித்து மட்டக்களப்பு மாணவர்களுக்கு அதே இராவணேசனைப் பழக்கினார். வேஷம் கட்டியவரே பழக்குபவராகவும் ஆனார். அந்த மாதிரி ஒரு தொடர்ச்சி நம்மிடையே அபூர்வம்.

மலையகத்துக் கதை இன்னும் கொஞ்சம் கடினம். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். தப்பு அடி விழ ஆரம்பித்தால் மனிதக் குரல் எம்பித்தான் பாட வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் வீரபத்திரன் வேஷம் கட்டுகிற ஒருவர் இருந்தார், கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவர் பேசினால் மடுவத்துத் தகரம் அதிரும். ரதி மதன் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வருஷமாவது அவரைப் பாட விட்டதில்லை. “அண்ணே, நீங்க ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்க, அது போதும்” என்பார்கள். அவரும் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்.

தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள புனித பவுல் ஆலயத்தில் நத்தார் காலத்தில் பாட்டுக் கேட்டிருக்கிறேன். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு அடுக்கு. பாடகர் குழு மரபில், மேல்குரல் பாடிய பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் சில மாதம் பொறுத்திருந்து பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். பையன் பாட்டை விடுவதில்லை. நம் பள்ளிக்கூடங்களில் எட்டாம், ஒன்பதாம் தரத்தில் குரல் உடைகிற பையனைத் தமிழ்த்தினப் போட்டிக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு அடுத்தவனைத் தேடுகிறோம். அந்த வயதில் குரல்நாண் நீண்டு தடிக்கிறது. குரல் ஒரு ஸ்தாயி அளவு இறங்குகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. பாஸ் குரல் முழுதாகப் பழுக்க முப்பது வயதுக்கு மேலாகும், பழுத்தால் அறுபதிலும் பாடும்.

சங்கீத ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பையனை வெளியே அனுப்பாமல் ஹார்மோனியத்தில் சுருதியை இரண்டு கட்டை இறக்கிக்கொடுங்கள். காதலன் பாட்டு வேண்டாம், அவனிடம் இராவணனைக் கொடுங்கள்.