குழகர் வனத்துக்கு வரும் ஐப்பசி விருந்தினர்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் நிலம் முடிந்து கடல் தொடங்குகிறது. அந்த முனையில், காட்டின் ஓரமாக, மையார் தடங்கண்ணி அம்மையுடன் எழுந்தருளியிருக்கிறார் கோடிக்குழகர். காவிரித் தென்கரையின் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று இது.

சேரமான் பெருமாள் நாயனாருடன் இங்கு வந்த சுந்தரர், கோயிலைச் சுற்றிக் குடிகள் எவரும் இல்லாதது கண்டு கலங்கினார். ஓயாத கடற்காற்று, அடர்ந்த காடு, மரப்பொந்துகளில் குழறும் ஆந்தையும் கூகையும், கொடிய வேடர்கள். இவற்றின் நடுவே யாரைத் துணையாகக் கொண்டீர் என்று இறைவனையே கேட்டு உருகினார். அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது.

அவர் கண்டு அஞ்சிய காட்டின் எச்சம் இன்றும் உண்டு. பாலை மரங்கள் மிகுந்த இந்த உலர் பசுமைமாறாக் காடு 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காடும் உப்பங்கழிகளும் சேர்ந்த பரப்பு 2002இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் சேர்ந்தது. பூநாரைகளால் இவ்வூர் புகழ்பெற்றது. ஆனால் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் காட்டுக்குள் ஓசையின்றி இறங்கும் விருந்தினரைப் பலர் அறியார்.

செம்மஞ்சள் தலையும் நீலச்சாம்பல் முதுகும் கொண்ட பூங்குருவி அவர்களுள் ஒன்று. 50, 60 கிராம் எடைதான். இமயமலை அடிவாரங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. பயணம் பெரும்பாலும் இரவில். விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் வழிகாட்டுகின்றன. காலையிலும் மாலையிலும் கூவுவதால் ஆறுமணிக்குருவி எனப்படும் பறவையும் இதே பருவத்தில் வந்து சேர்கிறது. இவற்றுள் சில இலங்கைவரை செல்பவை. எதிரே சுமார் 50 கிலோமீட்டர் கடல். அதைக் கடக்குமுன் இளைப்பாறி, உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரநிழலில் உதிர்ந்த சருகைக் கிளறினால் கிடைக்கும் புழுபூச்சிகளே பூங்குருவிக்கு முதல் அன்னம், கனிகளும் உதவும்.

திறந்த நீர்ப்பரப்பில் நிற்கும் பூநாரைகளைத் தொலைநோக்கியால் எண்ணலாம். புதருக்குள் நடமாடும் பூங்குருவியை அவ்வாறு எண்ண இயலாது. ஆகவே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் மெல்லிய வலை விரித்து, சிக்கிய பறவையின் காலில் எண் பொறித்த வளையமிட்டு, எடை பார்த்துப் பறக்கவிடும் முறையைப் பல்லாண்டுகளாக இங்கே கையாண்டனர். ஓர் ஆண்டின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவுசெய்வதும் தவறு. காற்று சாதகமாயின் பறவைகள் இறங்காமலே கடந்துவிடலாம். புயல் எதிர்ப்பட்டால் ஒரே நாளில் காடு நிறையலாம். பல்லாண்டுக் கணக்கே உண்மை பேசும்.

அந்தக் கணக்கு நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை கவலை தருகிறது. முன்பு லட்சக்கணக்கில் வந்தவை பின்னர் வெகுவாகக் குறைந்துவிட்டன. காவிரியின் நன்னீர் வரத்துக் குறைந்தமையும், உப்பளங்களால் நீரின் உப்புத்தன்மை மாறியமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. காட்டுப் பறவைகளுக்கும் துன்பம் குறைவன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல், நிழல் தந்த முதுமரங்கள் பலவற்றைச் சாய்த்தது. வெயில் நேரே விழும் இடங்களில் சருகு காய்கிறது; சீமைக்கருவேலம் நுழைகிறது. நிழலும் ஈரமும் அற்ற தரையில் பூங்குருவிக்கு என்ன கிடைக்கும்?

ஆடி, தை அமாவாசைகளில் கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வருகிறது. தை மாதத்தில் வலசைப் பறவைகள் பலவும் இங்கேயே இருக்கும். கொண்டுவந்த நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுசெல்வதும், காட்டு வழியில் ஒலியெழுப்பாமல் நடப்பதும் எளிய செயல்களே. காட்டினுள் இராமர் பாதம் வரை செல்ல விரும்புவோர் வனத்துறையின் அனுமதி பெற்று விடியற்காலையில் செல்லலாம்.

யார் துணை என்று சுந்தரர் கேட்டார். ஆண்டுதோறும் ஐப்பசியில் இமயத்திலிருந்து இறங்கிவருகிறது ஒரு சிறு துணை. அதற்கு நிழல் வைத்திருப்பது குழகருக்குச் செய்யும் தொண்டேயாகும்.