அளவுகோலுக்கு முந்தைய வெள்ளம்

அந்த ஆற்றின் பெயர் ஆர். 'ஆறு' என்று சொல்ல வந்தவர் கடைசி எழுத்தை விழுங்கிவிட்ட மாதிரி. ஜெர்மனியின் ஐஃபல் மலையில், பிளாங்கன்ஹைம் என்ற ஊரில், ஒரு வீட்டின் நிலவறையில் ஊற்றெடுக்கிறது. சுமார் 85 கிலோமீட்டர் ஓடி ரைன் நதியில் கலக்கிறது. நான் பான் நகரில் புவியியல் படித்தேன். சனிக்கிழமையானால் அங்கே போய்விடுவேன். இருபுறமும் செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவுகள், அவற்றில் படிப்படியாகத் திராட்சைக் கொடிகள். மைஷோஸ் கிராமத்து விவசாயிகள் 1868இல் தொடங்கிய ஒயின் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது. ஆற்றில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான். "இதையா நதிங்கிறாங்க?" என்று சிரித்திருக்கிறேன்.

2021 ஜூலை 14 இரவு அந்த முழங்கால் தண்ணீர் மாடி ஏறியது. ஸ்லேட் சரிவு மழையைக் குடிக்காது. அப்படியே கீழே தள்ளிவிடும். குறுகிய பள்ளத்தாக்கில் தண்ணீருக்குப் பரவ இடமில்லை, உயரத்தான் முடியும். 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகஸ்டில் டெர்னாவுக்குச் சேறு அள்ளப் போனேன். வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினோம். அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது இருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "எங்க பாட்டி 1910 வெள்ளத்தைப் பார்த்தவங்க. அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. கிழவிக்கு வேற கதையே தெரியாதுன்னு நாங்க எழுந்து போயிடுவோம்."

அன்றிரவு அறைக்குத் திரும்பித் தேடினேன். 1910 ஜூனில், ரயில் பாதை போட வந்த தொழிலாளர்கள் பலர் வெள்ளத்தில் போயிருக்கிறார்கள். 1804 ஜூலை 21இல் 63 பேர். பழைய ஆவணங்களையும் வெள்ளக்குறிகளையும் வைத்து பான் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அந்த வெள்ளங்களை முன்பே கணக்கிட்டிருந்தார்கள். கட்டுரை என் துறையிலேயே இருந்தது. நான் வாசிக்கவில்லை.

ஆல்டனார் அளவுமானியின் தொடர் பதிவுகள் 1940களில்தான் தொடங்குகின்றன. வெள்ள அபாய வரைபடங்கள் அவற்றை நம்பி வரையப்பட்டவை. அளவுகோல் நடுவதற்கு முன்னால் செத்தவர்கள் கணக்கில் வரவில்லை. அந்தப் பதிவுகளில் மிக அதிகம் 2016இல் வந்த 3.71 மீட்டர். 2021 வெள்ளம் அளவுமானியையே அடித்துக்கொண்டு போனது.

கிளம்பும்போது பாட்டி ஒரு கரித்துண்டை நீட்டினார். "சுவர்ல தண்ணி நின்ன இடத்துல கோடு போட்டு வருஷத்த எழுதிடு தம்பி. பேரப்பிள்ளைங்க என் பேச்சைக் கேட்க மாட்டாங்க."

கையை உயர்த்தினேன். எட்டவில்லை. ஏணி கேட்டு வாங்கினேன்.