சொந்த ஊர் எனப்படுவது

2006இல் பணியில் சேர்ந்த நாளன்று நம் முன் நீட்டப்பட்ட படிவங்களுள் ஒன்று, சொந்த ஊர் எது என்று கேட்டது. குடவாசலுக்கு அருகிலுள்ள நம் சிற்றூரின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டோம். ஓர் அலுவலர் அதை ஏற்றுக்கொண்டதும், பணிப்பதிவேட்டில் அது ஏறியதும் அன்று நம் கருத்தில் படவேயில்லை. ஒருவர் ஏற்பதாலும் மறுப்பதாலும் ஊர் மாறிவிடுமா என்ன?

புதுவை ஒன்றிய ஆட்சிப்பகுதியாதலின், அங்கு அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நம்மையும் பயணத்தைப் பொறுத்தவரை நடுவண் அரசின் விதிகளே ஆள்கின்றன. அவ்விதிநூலை நம்மில் பலர் தொட்டதில்லை; எழுத்தர் சொல்வதே வேதம். நாமும் அப்படித்தான் இருந்தோம். காரைக்காலில் தேர்வுப்பணி முடித்துத் திரும்பிப் பயணப்படிப் பட்டியல் எழுதுகையில்தான் 'மிகக் குறுகிய வழி' என்னும் தொடரில் இடறினோம். கிலோமீட்டர் குறைந்த வழி என்றே எவரும் அதற்குப் பொருள் கொள்வர். துணை விதி 30 வேறு சொல்கிறது: வழக்கமான போக்குவரவில் எவ்வழியே சென்றால் விரைவாகச் சேரலாமோ, அதுவே குறுகிய வழி. தொலைவுக்குரிய சொல்லைக் காலத்துக்கு உரியதாக்கிவிட்டார்கள்! நூலாசிரியன் தன் சொல்லுக்குத் தானே பொருள் வகுத்துக்கொண்டு ஆள்வதைத் தொல்காப்பிய மரபியல் 'தான் குறியிடுதல்' என்று உத்திகளுள் வைத்து எண்ணுகிறது. வகுப்பில் ஆண்டுதோறும் அதற்கு நல்ல எடுத்துக்காட்டுத் தேடிய நமக்கு, அது அலுவலக அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

அன்றுமுதல் அந்நூலை உரையாசிரியர் போலவே படிக்கத் தொடங்கினோம். தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டாத நாளுக்குத் தினப்படி இல்லை. அதென்ன எட்டு? பழைய ஐந்து மைல்தான் உருமாறி நிற்கிறது. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளுள் 44ஆவது, ஈட்டுப்படியானது பெறுபவருக்கு மொத்தத்தில் ஆதாயமாகிவிடலாகாது என்கிறது. இங்கே உயிர்ச்சொல் 'மொத்தத்தில்' என்பதே. ஒரு பயணத்தில் பத்து ரூபாய் மிஞ்சுவது குற்றமாகாது. அடுத்த பயணத்தில் அது கைவிட்டுப் போகும் என்பது விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம், 'இன்ன விதிக்கு உட்பட்டு', 'இன்னது நீங்கலாக' என்று பக்கந்தோறும் வருவன. எங்கோ கிடக்கும் சொற்களை எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொன்னார் என்று நச்சினார்க்கினியரைப் பழித்தவர்கள் உண்டு. விதிநூலுக்கு அவரைவிடத் தகுந்த உரைகாரர் கிடைக்கமாட்டார்.

இவையெல்லாம் நமக்கு விளையாட்டாகத்தான் இருந்தன, 2023 வரை.

தந்தையாரின் மருத்துவச் செலவால் ஏறிய கடனை அடைக்க, அவர் மறைவுக்குப் பின் 2016இல் ஊரிலிருந்த வீட்டை விற்றிருந்தோம். அம்மா நம்மோடு வந்துவிட்டார். வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, ஊரைப் பற்றியும். நாமும் பேச அஞ்சினோம். ஏழாண்டு கழித்து ஒரு காலையில், "குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வெச்சிட்டு வந்துடலாமாப்பா" என்றார். அலுவலக வழக்கில் எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகையில் சொந்த ஊருக்குச் செல்ல விண்ணப்பித்தோம்.

கண்காணிப்பாளர் அம்மையார் பணிப்பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "வீட்டை வித்ததா நீங்களே கொடுத்த தகவல் ஃபைல்ல இருக்கே சார்?"

அசையாச் சொத்து விற்றால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதும் ஒரு விதி, அதன்படி கொடுத்திருந்தோம். கேட்டதில் அவர்மீது தவறில்லை. ஆனால் வீடு விற்றவனுக்கு ஊர் ஏது என்று அவர் கேட்டதாகவே நம் காதில் விழுந்தது.

அன்றிரவு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டோம். 1988ஆம் ஆண்டு விதிகளின்படி சொந்த ஊர் என்பது, பணியாளர் அறிவித்ததும் கட்டுப்பாட்டு அலுவலர் ஏற்றுக்கொண்டதுமான இடம். அவ்வளவே. பிறந்ததும் வளர்ந்ததும் அந்த இலக்கணத்தில் இல்லை. அறிவிப்பை எதைக் கொண்டு ஏற்பது என்பதற்கு 1958ஆம் ஆண்டு ஆணை ஒன்று சோதனைகள் வகுத்திருக்கிறது. வீட்டைப் பற்றியது அவற்றில் முதலாவது அன்று. குடும்ப, சமூகக் கடமைகளுக்காக அவ்வப்போது நீ அங்கே போய் நிற்கவேண்டியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அது பொருந்தாவிட்டால்தான் சொத்து உண்டா என்று கேட்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் உண்டா. அதற்கும் பின், பணிக்கு வருமுன் சில ஆண்டு அங்கே வாழ்ந்தாயா. ஒரு தவணையில் கட்டவேண்டிய கடமையை முதலில் வைத்து, கல்லையும் மண்ணையும் பின்னே தள்ளிய அந்த எழுத்தர் யாரோ! பெயர் தெரியாத அவரை உரையாசிரியர் வரிசையில் சேர்த்துக்கொண்டோம்.

மறுநாள் அம்மையாரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினோம். படித்துவிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் ஏத்துக்கிறப்பப் பாக்கறது சார். அறிவிச்சது அறிவிச்சபடியே நிக்கும். மாத்தணும்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் பேச்சே. அதுவும் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவைதான். எங்க மாத்துவீங்க? புதுச்சேரின்னு மாத்தினா, வேலை பாக்கிற ஊரே சொந்த ஊராயிடும், சலுகையும் போயிடும்."

அம்மாவிடம் சொன்னபோது அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தோம். "அப்ப வீடுதான் போச்சு. ஊரு இன்னும் நம்ம பேர்லதான் இருக்குன்னு கவர்மெண்டுல எழுதி வெச்சிருக்காங்களா?" என்றார். ஆம் என்றோம். விதியை அப்படிப் படிக்கலாகாது என்று ஆசிரியராகச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

அரசுப் பேருந்தில் கும்பகோணம் வரையிலும், மற்றொன்றில் குடவாசல் வரையிலும் போனோம். அங்கிருந்து அம்மாவால் நடக்கமுடியாதென்று ஆட்டோ வைத்துக்கொண்டோம். விற்ற வீட்டைக் கடக்கையில் அவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. திண்ணைக்கு நீலம் அடித்திருந்தார்கள்.

திரும்பி வந்து எழுதிய பட்டியலில் ஆட்டோவுக்குக் கொடுத்த 150 ரூபாயையும் தெரிந்தே சேர்த்தோம். பதிவேட்டில் இருப்பது குடவாசல் அன்று, எங்கள் ஊர் என்பது நம் வாதம். வாடகை வண்டிக்கு விதியில் இடமில்லை என்று சிவப்பு மையால் அடித்துத் திருப்பினார்கள். அடித்தது சரிதான்.