எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

மதரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளுள் அளவில் மிகச் சிறியது ‘தஅலீமுல் முதஅல்லிம்’. ‘ஹிதாயா’ ஆசிரியர் புர்ஹானுத்தீன் மர்கீனானி அவர்களிடம் பாடம் கேட்ட இமாம் ஸர்னூஜி, கல்வி பயில்வோன் மேற்கொள்ள வேண்டிய முறைகளை வகுத்துரைத்த நூல் அது. எந்தக் கலையைத் தேர்வது, எந்த ஆசிரியரைத் தேர்வது, யாரைத் தோழனாகக் கொள்வது என்பதற்கென்றே அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கின்றது. புகாரா நகருக்குக் கற்கச் செல்லும் ஒருவருக்கு அறிஞர் ஒருவர் சொல்லிய அறிவுரையும் அங்கே வருகின்றது. போன அன்றே ஓர் ஆசிரியரிடம் சென்று அமர்ந்துவிட வேண்டாம். இரண்டு மாதம் பொறுத்திருந்து விசாரித்துத் தேர்ந்துகொள். அவசரத்தில் ஒருவரிடம் தொடங்கி, மனம் ஒவ்வாமல் இடையில் விட்டு வேறொருவரிடம் போனால் அக்கல்வியில் பரக்கத் இராது என்பது அதன் கருத்து.

இரண்டு மாதம்! நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ பத்து நாள். பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும். உறவினர் இனிப்பு வாங்கி வருவர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினோராம் வகுப்பில் பையனை ஏதோ ஒரு ‘குரூப்’பில் சேர்த்தாகிவிடும். கல்லூரியைப் பற்றிய கவலையெல்லாம் பிளஸ் டூ முடிந்த பிறகு என்று நம்மவர் எண்ணுகின்றனர். உண்மையில் கல்லூரியின் கதவுகளுள் பாதி அந்தப் பத்து நாளிலேயே அடைபட்டுப் போகின்றன. கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் இல்லை. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு மருத்துவம் இல்லை. இதை அறிந்து விலக்கினால் குற்றமில்லை. அறியாமல் இழப்பதுதான் வருத்தம் தருகின்றது.

முப்பது ஆண்டுகளாக மக்தபில் ஓதிக்கொடுத்தும், பள்ளிக்கூடத்தில் அரபியும் தமிழும் கற்பித்தும் வருகிறவன் நான். மே மாதம் வந்துவிட்டால் அசர் தொழுகைக்குப் பின் பெற்றோர் என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. “ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள், இஸ்திகாராவும் பார்த்துச் சொல்லுங்கள்” என்பார்கள். இஸ்திகாரா தொழ வேண்டியவர் அவர்கள், நான் அல்லன். அதையும் சொல்லி, “மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வந்தீர்களா?” என்று கேட்பேன். சிலர் வியப்போடு பார்ப்பார்கள். இறைவனிடம் நலம் வேண்டுவதற்கும், விசாரித்து அறிவதற்கும் பகை ஒன்றும் இல்லை. மஷ்வராச் செய்யும்படி ஸர்னூஜியே அழுத்திச் சொல்கிறார்.

அதே நூலில் இமாம் புகாரீயைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அவர் முதலில் ஃபிக்ஹு படிக்க இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸனிடம் சென்றதாகவும், இவரது இயல்புக்கு ஹதீஸ்கலையே பொருந்தும் எனக் கண்ட அவர் அதன்பால் திருப்பிவிட்டதாகவும் அது கூறுகின்றது. காலக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. இமாம் முஹம்மத் மறைந்தது ஹிஜ்ரி 189. புகாரீ பிறந்தது 194. பாடம் ஓதும்போதே இதைக் கேட்டு உஸ்தாதிடம் குட்டு வாங்கியவன் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன். செய்தி வரலாறாக நிற்காவிட்டாலும், பிள்ளையின் இயல்பைப் பார்த்துக் கலையைத் தேர வேண்டும் என்று அக்காலத்து ஆசிரியர்கள் கருதியதற்கு அது சான்றாக நிற்கின்றது. நாம் பார்ப்பது பிள்ளையின் இயல்பையா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் 500க்கு 468 பெற்றாள். வீட்டில் முதல் குரூப் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணோ அறிவியலில் மனப்பாடத்தால் மதிப்பெண் வாங்கியவள். அவளுடைய தாயார் வீட்டில் தையல் தொழில் செய்கிறார். துணி எடுத்தது, கூலி வந்தது, பாக்கி நின்றது எல்லாவற்றையும் எட்டாம் வகுப்பிலிருந்தே நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் ஒரு ரூபாய் பிசகாமல் கூட்டிக் காட்டுவது அவள்தான். அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். வரவும் செலவும் தனித்தனிப் பக்கத்தில், யாரும் கற்றுக்கொடுக்காமலே எழுதி வைத்திருந்தாள். வணிகவியல் படித்துப் பட்டயக் கணக்காளர் ஆக வேண்டும் என்பது அவளது ஆசை. அச்சொல்லை எங்கே கேட்டாய் என்றேன். தையல் துணி கொடுக்க வரும் ஓர் அம்மையார் சொன்னாராம்.

ஷார்ஜாவில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் அத்தாவோடு கைப்பேசியில் பேசினோம். “ஹஜ்ரத், இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு காமர்ஸா? ஊரில் என்ன சொல்வார்கள்?” என்றார். அவரைக் குறை சொல்ல நான் துணியேன். பதினெட்டு ஆண்டுகள் பிள்ளைகளின் முகம் பாராமல் உழைத்தவர். மகள் மருத்துவர் என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க விரும்பினார். நன்னி வேறு ஒரு கவலையை எடுத்து வைத்தார். கணக்கர் படிப்புக்கு அலுவலகத்தில் பயிற்சிக்குப் போக வேண்டுமே, ஆண்கள் இருக்கும் இடம் ஆயிற்றே என்றார். மூன்று மாலைகள் இந்தப் பேச்சு நடந்தது. பிளஸ் டூவுக்குப் பின் அடிப்படைத் தேர்வு, அதன்பின் இடைநிலை, பயிற்சி, இறுதித் தேர்வு என்ற வரிசையையும், பயிற்சிக்காலம் 2023இல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டதையும், தேர்ச்சி பெறுவோர் தொகை குறைவு என்பதையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நான்காம் நாள் அத்தாவே அழைத்தார். “அவள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், பார்த்தேன்” என்று மட்டும் சொன்னார். பெண் வணிகவியலில் சேர்ந்தாள். இப்போது இடைநிலைத் தேர்வில் ஒரு தொகுதியில் தேறி, மற்றொன்றில் ஒருமுறை தவறி, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். நன்னிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இனிப் பொறியியற் கலந்தாய்வைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் நம்மவர் கொண்டிருக்கும் தவறான எண்ணங்கள் பல. தமிழகத்தில் 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே பொறியியலுக்கு அளவுகோல். கணிதத்தின் நூறு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கும். கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 86 எடுத்தவனுக்கு 92, 40, 43 எனக் கூட்டி 200க்கு 175. ஆகவே கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், மற்றவற்றில் இழக்கும் இரண்டுக்குச் சமம். இதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்துவிடும்.

அடுத்தது விருப்பப் பட்டியல். உயர்ந்த கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்காமல் போய், பின்னால் எழுதியதும் கைநழுவிவிடும் என்று அஞ்சி, எளிதில் கிடைப்பதை மேலே எழுதுகிறார்கள். கணினி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, அந்தத் தரவரிசைக்கு இடம் இருக்கும் முதல் விருப்பத்தைத் தருகின்றது. எட்டாத ஒன்றை மேலே எழுதியதால் கீழே உள்ளது போய்விடாது. எளிதானதை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். அதற்கு மேலானது கிடைத்திருக்குமா என்பது தெரியாமலே போய்விடும். உள்ளபடியே விரும்பும் வரிசையில் எழுதுவதுதான் முறை.

மூன்றாவது இட ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடு 2007இல் முஸ்லிம்களுக்கெனப் பிரிக்கப்பட்டது. நமக்கு இவ்வளவுதான் என்று பலர் நினைக்கின்றனர். பொதுப்பிரிவின் 31 விழுக்காடு எல்லார்க்கும் உரியது; தரவரிசை உயர்ந்த பிள்ளை அதிலேயே இடம் பெறுகிறான். ஆனால் 3.5 விழுக்காட்டில் இடம் பெறச் சாதிச் சான்றிதழில் உட்பிரிவின் பெயர் இருந்தாக வேண்டும்: லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதனுள் அடங்குவர்), தக்கனி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளா, துதேகுலா. வெறுமனே ‘முஸ்லிம்’ என்று எழுதிய பழைய தாளை எடுத்துக்கொண்டு கலந்தாய்வு வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றில் 2021இலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வளைகுடாவில் நாலு காசு சேர்ந்ததும், பதினோராம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் அன்பர்கள் கட்டணத்தோடு இந்த உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். குர்ஆன் மனனத்துக்காக ஏழாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, மூன்றாண்டு கழித்துத் தனித்தேர்வராக எழுதும் பிள்ளைக்கும் இதே நிலைதான். மதரஸாவில் சேர்க்கும் நாளிலேயே இதைப் பெற்றோரிடம் சொல்வது எங்களைப் போன்றோரின் கடமை.

மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு. அதில் இடம் கிடைக்காத வீடுகளுக்கு வெளிநாட்டுக் கல்லூரித் தரகர்கள் வந்துவிடுகின்றனர். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேர்ச்சி வேண்டும். 2021இல் வந்த விதிகளின்படி 54 மாதத்துக்குக் குறையாத படிப்பு, ஆங்கிலவழிப் போதனை, அங்கேயே 12 மாதப் பயிற்சி ஆகியவை இருந்தால்தான் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதலாம். வீட்டை விற்கும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள் என்பேன். வாயால் சொல்லத் தயங்காத தரகர் எழுதித் தரத் தயங்குவார். உயிரியல் படித்த பிள்ளைக்குக் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் மருந்தியலும் 2025ஆம் ஆண்டுச் சேர்க்கைவரை பிளஸ் டூ மதிப்பெண்ணாலேயே கிடைத்தன. கால்நடை மருத்துவம் என்றதும் முகம் சுளித்த ஒரு தகப்பனார் ஐம்பது ஆடு வளர்ப்பவர்!

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கல்விக்கடன் வட்டியோடு வருகிறது. அதைத் தொட அஞ்சும் வீடுகளை நான் மதிக்கிறேன். அப்படியானால் அந்த வீடுகளுக்கு வேறு வழி திறந்திருக்க வேண்டாமா? முதல் பட்டதாரிச் சான்றிதழால் பொறியியலில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் முன்பே ஒருவர் பட்டம் பெற்றிருந்தால் அது இல்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. ஊர் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் கலியாணத்துக்கு என்றால் கேட்காமலே கொடுப்பார்கள். முதலாமாண்டுக் கட்டணத்துக்கு என்றால் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியையும், அதே ஆண்டு திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும், 1955இல் பெண்களுக்கென நீதிபதி பஷீர் அஹ்மத் ஸயீத் தலைநகரில் ஒரு கல்லூரியையும் எழுப்பிய சமுதாயம் இது. கட்டடத்துக்குக் கொடுத்த கை, அதற்குள் அமர வேண்டிய பிள்ளைக்கும் நீள வேண்டும்.

என் துறையைப் பற்றி ஒரு சொல். அரபி படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், பேஷ் இமாம் பதவி ஒன்றுதான் என்று சொல்லும் காலம் போய்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாப் பட்டயமும், கல்லூரிகளில் இளங்கலை, முதுகலை அரபியும் உண்டு. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் அரபி கற்பிக்கப்படுகின்றது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. நம் பிள்ளைகளில் பலர் அதன் பெயரையே கேட்டதில்லை.

இவ்வாண்டு ஒரு ஹாஃபிழ் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்தான். பிளஸ் டூ முடித்தவன். மொழிபெயர்ப்பாளனாக வேண்டும் என்கிறான். விண்ணப்பத்தைத் திறந்ததும் பெயரிலேயே நின்றுவிட்டோம். ‘முஹம்மது’ என்ற ஒரு பெயர்! அரபியில் நான்கே எழுத்து. ஆதாரில் ஆங்கில ‘எம்’ நடுவில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இரண்டு, கடவுச்சீட்டில் ‘யூ’வில் தொடங்கி ‘ஏ’யில் முடிகின்றது, பிறப்புச் சான்றிதழில் மூன்றெழுத்துச் சுருக்கம். அத்தாவின் பெயர் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். எந்த எழுத்து சரி என்று அரபி ஆசிரியனாகிய என்னிடம் கேட்டான். “தம்பி, இங்கே இலக்கணம் செல்லாது, மதிப்பெண் பட்டியலில் உள்ளதே சரி” என்றேன். மற்றவற்றை அதற்கு ஒத்தவாறு திருத்தும் மனுக்களை எழுதி வைத்திருக்கிறோம். கையொப்பமிட அவன் அத்தா வியாழக்கிழமை ஊருக்கு வருகிறார்.