சிம் லிம் மாடிகளில் ஒரு மாலை

தேக்காவிலிருந்து சில நிமிட நடை. ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி நிற்கிறது சிம் லிம் ஸ்குவேர். கணினிப் பாகம் வாங்குவோர் இங்கே முதலில் பணப்பையைத் திறப்பதில்லை. கடை கடையாக ஏறி விலைப்பட்டியல் தாள்களைச் சேர்க்கிறார்கள்.

தேசிய சேவையில் சேமித்த பணத்துடன் வந்திருந்தான் என் அக்கா மகன். விளையாட்டுக் கணினிக்கு நடுத்தர விலையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஒரு தாளில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டு வரிகளில் இருந்தது.

“பேரு ஒண்ணுதானே மாமா, மலிவானதையே எடுத்துக்கலாமே?”

பெயர்தான் ஒன்று. ஒன்றில் 8 ஜிபி நினைவகம், மற்றதில் 16 ஜிபி. 2025 ஏப்ரலில் அறிமுகமானபோது விலை 379, 429 அமெரிக்க டாலர். வேகம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து தரவை இழுக்க வேண்டியிருக்கும். படம் திக்கித் திக்கி ஓடும்.

“உன் திரை என்ன அளவு?” என்று கேட்டார் கடைக்காரர். சாதாரண 1080பி திரையில் வெலோரண்ட் ஆடுபவருக்கு 8 ஜிபி தாராளம். இவனிடம் இருப்பதோ 1440பி திரை. ஆட விரும்புவது பெரிய புதிய விளையாட்டுகள். நான்கைந்து ஆண்டுகளுக்கு வேறு கார்டு வாங்கவும் முடியாது.

16 ஜிபி என்று முடிவானது. விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டான். கூடுதல் பணத்துக்காக, மின்னும் விளக்குகள் வைத்த கணினிப் பெட்டியை விட்டுவிட்டு எளிய பெட்டியை எடுத்துக்கொண்டான்.