பட்டையின் பலம்

வேகமான பெரிய கார்களில் ஸ்பிரிங், ஆர்ம், புஷ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு வேறு வாங்கிப் பூட்டுவது இன்று பல இளைஞர்களின் ஆசை. கம்பெனி சாமான் பலமா, கடைச் சாமான் பலமா என்று அவர்கள் வாதிடுகிறார்கள். தஞ்சை வட்டார நெல் லாரிகளுக்கு இது பழைய கேள்வி. என் தந்தையார் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்கு இது வீட்டுக் கேள்வியும் ஆகும்.

அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து 40 கிலோ சிப்பங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் புறப்படும். பாரம் கூடினால் பட்டை தளரும். "அண்ணே, தடியா ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க" என்பார் லாரிக்காரர்.

தடித்த பட்டை நல்லதுதானே? பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். தடிமன் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்கு. ஆனால் ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பில் தகைவும் 2 மடங்காகிறது. கட்டிலுள்ள பட்டைகள் யாவும் சேர்ந்தே வளைவதால், தடித்தது தன் பங்குக்கு மேல் சுமந்து முதலில் விரிசல் காணும். அது தப்பினாலும் அதிர்ச்சி ஷாக்கிளுக்கும் சேஸிசுக்கும் போய்ச் சேரும். காரில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் கடினமான புஷ் போடுவோருக்கும் இதே கதைதான்.

உலோகம் களைத்தும் முறியும். 1842-இல் பிரான்சில் நடந்த வெர்சாய் ரயில் விபத்துக்கு எஞ்சினின் அச்சு முறிந்ததே காரணம். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்து, தாங்கக்கூடிய சுமையே பன்முறை வந்தால் முறித்துவிடும் என்று நிறுவினார். எனவே எஃகின் வகை மட்டும் போதாது. அதைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்கிய விதமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. முத்திரை மட்டுமே தெரியும். முத்திரையைப் போலியாகவும் அடிக்கலாம். கடைச் சாமானிலும் நல்லது உண்டு. சோதித்த சான்றோடு வந்தால் நம்பலாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். கொல்லர் தெருவில் ஊசி விற்றது போலாயிற்று. "அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது தம்பி. முறிஞ்ச பட்டைக்கு வெல்டிங் வச்சா அது ஓரத்துலயே மறுபடி விட்டுப்போகும். அதான் நான் வைக்கிறதில்ல" என்றார். அவர் திருப்பி அனுப்பிய வண்டிகளின் கூலி அடுத்த பட்டறைக்குப் போயிற்று. அந்தப் பருவத்தில் என் தேர்வுக் கட்டணம் கடைசி நாளன்றுதான் கட்டப்பட்டது.

மூட்டைகளின் மேல் சுமை தூக்கும் தொழிலாளர் அமர்ந்து வருவதை ஆற்றங்கரைச் சாலைகளில் நாம் காண்கிறோம். அவர்களைத் தாங்குபவை சில பட்டைகளே. சோதனைச் சாலையில் ஹூக் விதியைச் சரிபார்க்கும் நண்பர்களே, சுருளில் 50 கிராம் எடையைக் கூட்டும்போது அவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.